வீட்டுப் பட்டறைக்குச் சமதளச் சாணை: புதியதா, பழையதா?

சாணை என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் சாணை பிடிப்போர் சக்கரத்தைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகக் கூவிச் சென்றதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அந்தச் சாணை கூர்மையைத் தருவது. இன்று நாம் பேசப்புகும் சாணை தட்டையைத் தருவது. ஓர் இரும்புத் துண்டின் முகத்தை, தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையோடு சமமாக்கித் தருவது இதன் தொழில். பட்டறைகளில் இதனைச் ‘சர்ஃபேஸ் கிரைண்டர்’ என்றே வழங்குவர். ஆனால் ‘கிரைண்டர்’ என்றவுடன் நம் இல்லங்களில் இட்டிலிக்கு மாவு ஆட்டும் பொறியே நினைவுக்கு வரும். அதுவும் கோயம்புத்தூர் நாட்டுக்கு ஈந்த பொருள்தான். புவிசார் குறியீடும் பெற்றது. குழப்பம் நேராதிருக்கும் பொருட்டு இவ்வுரையில் சமதளச் சாணை என்றே கூறுவோம்.

போர்ட் பிளேர் என நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகரின் ஒரு பகுதி பத்துபஸ்தி. இங்கும் சுற்றுப்புறங்களிலும் வீட்டின் பின்புறத்தில் ஒரு கடைசல் பொறியும் ஒரு துளையிடு பொறியும் வைத்துக்கொண்டு தொழில் நடத்துவோர் உளர். படகு எஞ்சின், நீர் இறைக்கும் டீசல் எஞ்சின், பனிக்கட்டி ஆலையின் கம்ப்ரஸர், மரம் இழைக்கும் பொறியின் கத்தி ஆகிய இவையே அவர்களிடம் வந்து சேரும் வேலைகள். சாத்தம் தீவில் 1883-இல் மர அறுவை ஆலை நிறுவப்பெற்ற நாள்தொட்டு, மரத்தோடும் இரும்போடும் ஒருங்கே பழகிய ஊர் இது. அத்தகைய அன்பர் ஒருவர், விலைக்கு வரவிருந்த ஓர் இயந்திரத்தின் ஆங்கிலச் சோதனைக் குறிப்பைத் தமிழில் விளக்கித் தருமாறு என்னை நாடினார். மொழிபெயர்ப்பு என் தொழில். இயந்திரம் என் தொழிலன்று. ஆயினும் அக்குறிப்பின் ஒவ்வோர் எண்ணுக்கும் பொருள் காண முற்பட்டபோது, இந்த வினா ஒருவருடைய பல ஆண்டுச் சேமிப்பைப் பற்றியது என்பது புலப்பட்டது. தாயகத்தை விட்டுத் தொலைவில் தொழில் புரியும் தமிழர் பலருக்கும் இஃது எழும் வினாவே.

முதற்கண், இது வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வார்ப்பிரும்பாலான சிறிய எஞ்சின் தலைப்பாகம், கம்ப்ரஸரின் வால்வுத் தட்டு, இழைப்புக் கத்தி, அச்சு வெட்டும் டை ஆகியவை வாரந்தோறும் வருமானால் சமதளச் சாணை சோறு போடும். அலுமினியத் தலைப்பாகங்களே மிகுதியாக வருமானால் போடாது. அலுமினியத்தைக் காந்தம் பற்றாது. அதன் துகளோ சாணைக்கல்லின் கண்களை அடைத்துவிடும். மாதத்துக்கு ஒரு வேலைக்காக அரை டன் முதல் ஒரு டன் வரை எடையுள்ள இரும்பை வீட்டில் குடிவைப்பது விவேகமாகாது.

இதன் அமைப்பு எளியது. தூண் போன்ற உடலின் மேற்பகுதியில் படுக்கைவாட்டில் ஒரு சுழல்தண்டு. பட்டறைச் சொல்லில் ஸ்பிண்டில். அதன் முனையில் சாணைக்கல். கீழே இடமும் வலமும் ஓடும் மேசை. மேசையின்மீது வேலைப்பொருளை இறுகப் பற்றும் காந்தப் பலகை. இதனை மேக்னடிக் சக் என்பர். கல்லை மேலிருந்து நூறில் ஒரு மில்லிமீட்டர், அதனினும் குறைவு என இறக்கிக்கொண்டே, மேசையைக் கல்லின் கீழ் ஓடவிட வேண்டும். வீட்டுப் பட்டறைக்கு 6 அங்குல அகலமும் 18 அங்குல நீளமும் உள்ள மேசை போதும். மேசையைக் கையால் ஓட்டும் வகையே இங்கு ஏற்றது. ஹைட்ராலிக் எண்ணெயால் ஓடும் வகை கையின் உழைப்பை மிச்சப்படுத்தும் என்பது மெய்யே. ஆனால் தனி மோட்டார், எண்ணெய்த் தொட்டி, ஒழுக்கு, எண்ணெயின் சூடு, இரைச்சல் ஆகிய அனைத்தும் அதனுடன் வீட்டுக்குள் வரும்.

இந்த இயந்திரத்தின் உயிர் ஈரிடங்களில் இருக்கிறது. ஒன்று சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்குகள். மற்றொன்று மேசை ஓடும் தடங்கள். பழையதா, புதியதா என்ற வினா இவ்விரண்டின் நிலை எவ்வாறு உள்ளது என்ற வினாவே. வண்ணப்பூச்சு, பெயர்ப்பலகை, பிறந்த நாடு ஆகியவை எல்லாம் பிற்பாடு.

புதிய இயந்திரங்கள் கோயம்புத்தூர், பெங்களூர், ராஜ்கோட், பஞ்சாபிலுள்ள படாலா, லூதியானா ஆகிய ஊர்களிலிருந்தும், சீனத்திலிருந்தும் தைவானிலிருந்தும் வருகின்றன. புதியது என்பதால் நுட்பமானது என்று கொள்ளலாகாது. வார்ப்பிரும்பு உடல், வார்த்த பின்னர் உள்ளிறுக்கம் தளரும்படி பதப்படுத்தப்படல் வேண்டும். அவ்வாறு செய்யாது அவசரமாக இழைத்து விற்ற இயந்திரம், வாங்கிய நாளில் நேராக இருந்து, சில மாதங்களில் தானாகவே முறுக்கிக்கொள்ளும். ஆதலின் புதியதை வாங்குவோர் கேட்டுப் பெறவேண்டிய பொருள் ஒன்று உண்டு: சோதனைக் குறிப்பு. இயந்திரங்களை ஏற்குமுன் இன்னின்ன அளவுகளை இவ்விவ்வாறு சோதித்தறிய வேண்டும் என்னும் முறையை ஜெர்மானியப் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர் 1927-இல் நூலாக வகுத்தார். இன்றைய சோதனைக் குறிப்புகள் அம்மரபில் வந்தவை. அதில் இரண்டு பத்திகள் இருக்கும்: அனுமதிக்கப்பட்ட பிழை ஒன்று, அளந்து கண்ட பிழை மற்றொன்று. இரண்டாம் பத்தியில் எல்லா வரிகளிலும் ஒரே எண் எழுதப்பட்டிருந்தாலோ, வெறும் ‘சரி’ என்ற குறி மட்டும் இருந்தாலோ, அளக்காமலேயே எழுதினர் என்று ஐயுறலாம்.

இனிப் பழையவை. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பழைய இயந்திர வணிகர்களிடம் மூன்று குலத்தவை கிடைக்கும். முதலாவது நம் நாட்டுப் பழம்பொறிகள். 1943-இல் செகந்திராபாத்தில் தோன்றிப் பின்னாளில் எச்.எம்.டி.யோடு இணைந்துவிட்ட பிராகா டூல்ஸின் சாணைகள் இவற்றுள் பெயர் பெற்றவை. இரண்டாவது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து ஜோன்ஸ் அண்ட் ஷிப்மன் போன்ற ஐரோப்பியப் பொறிகள். மூன்றாவது ஜப்பானிலிருந்து கப்பலேறி வரும் ஒகாமோட்டோ முதலியவை. பழைய வார்ப்புக்கு ஒரு சிறப்பு உண்டு. முறுக்க வேண்டியதை எல்லாம் என்றோ முறுக்கி ஓய்ந்துவிட்டது, இனி அசையாது. ஆனால் தேய்மானம் என்ற ஒன்று அதில் குடியிருக்கும். மேசை பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே ஓடுவதால் தடங்கள் நடுவில் மிகுதியாகவும் ஓரங்களில் குறைவாகவும் தேயும். புதிய வண்ணம் பூசி நிறுத்திய இயந்திரத்தில் இது கண்ணுக்குத் தெரியாது.

இதனை அறிய ஒரு வழக்கமான சோதனை உண்டு. ஒரே அளவான ஐந்து எஃகுத் துண்டுகளைக் காந்தப் பலகையின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக வைத்து, பொறி பறப்பது அடங்கும் வரை ஒரே அமைப்பில் அரைத்து, மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்பர். ஐந்துக்கும் இடையே வேறுபாடு 0.005 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மிக நன்று, 0.01 வரை நம் பழுதுவேலைக்குப் போதும், 0.02-ஐத் தாண்டினால் விலையைக் கேட்காமலே திரும்பிவிடலாம்.

இச்சோதனையில் ஒரு பொறி மறைந்திருக்கிறது. காந்தப் பலகையின் முகத்தை அதே இயந்திரத்தில்தான் அரைத்துச் சமன் செய்வார்கள். தடம் வளைந்திருந்தால் பலகையும் அதே வளைவைப் பெறும். அதன்மேல் அரைத்த துண்டுகளின் கனமோ எங்கும் ஒன்றாகவே இருக்கும்! கனம் சரி, தட்டை சரியில்லை. எஞ்சின் தலைப்பாகத்துக்கு வேண்டியது தட்டையே அன்றோ? ஆதலால் இரண்டாவது சோதனை ஒன்றும் செய்தல் வேண்டும். ஓரங்குலத்துக்குக் குறையாத கனமும் மேசையின் நீளத்துக்கு ஏறக்குறைய ஒத்த நீளமும் உடைய இரு எஃகுச் சட்டங்களை எடுத்துக்கொள்க. மெல்லிய சட்டம் உதவாது. காந்தம் இழுத்து வளைத்துக்கொள்ளும், விட்டபின் நிமிர்ந்துவிடும். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பலகையின் முழு நீளத்தில் வைத்து முகத்தை அரைத்தபின், அரைத்த முகங்களை ஒன்றோடொன்று பொருத்தி, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் சட்டங்கள் குழிந்திருக்கின்றன; முனைகளில் தெரிந்தால் நடுவில் புடைத்திருக்கின்றன. இரண்டின் பிழையும் சேர்ந்து இரட்டிப்பாகத் தெரிவதால் கண்ணே போதுமான கருவியாகிறது. எந்த வணிகரும் மறுக்க இயலாத சோதனை இது. மறுத்தால் அதுவே விடை.

சுழல்தண்டின் சோதனை காதாலும் கையாலும் ஆவது. அரை மணி நேரம் ஓடவிட்டு, பேரிங் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு, கை வைத்திருக்க முடியாத சூடு நோய். மோட்டாரை நிறுத்தியபின் தண்டு சீராகத் தணிந்து நிற்க வேண்டும். தேய்க்கும் ஒலியோடு சட்டென்று நிற்கலாகாது. டயல் கேஜை முனையில் வைத்து, தண்டைக் கையால் மெல்லச் சுழற்றினால் முள்ளின் ஆட்டம் 0.005 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். பின்பு மரக்கோலால் தண்டைக் கீழிருந்து நெம்பிப் பார்த்தல் வேண்டும். முள் தாவினால் பேரிங் தளர்ந்துவிட்டது. ‘பேரிங் தானே, மாற்றிக்கொள்ளலாம்’ என்பார் வணிகர். இவற்றுக்கு வேண்டுவது பி4 போன்ற உயர்தரத்தில் இணை சேர்த்த பேரிங்குகள். விலை மிகுதி, தூசியற்ற இடத்தில், கை தேர்ந்தவர் பொருத்த வேண்டும். கோயம்புத்தூரில் அத்தகையோர் அடுத்த தெருவில் இருப்பர். பத்துபஸ்தியிலிருந்து அவரைத் தேட ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலைத் தாண்ட வேண்டும்.

இங்கேதான் நிலப்பகுதியில் இருப்போரின் கணக்கும் தீவில் இருப்போரின் கணக்கும் பிரிகின்றன. அங்கே பழையதை மலிவாக வாங்கிச் சிறுகச் சிறுகச் செப்பனிட்டுக்கொள்வது அறிவுடைமை. இங்கே, வந்து இறங்கிய அன்றே வேலை செய்யாத இயந்திரம் பெரும்பாலும் என்றும் வேலை செய்யாது. ஊரிலிருக்கும் மைத்துனர் கைப்பேசியில் அனுப்பிய படத்தை நம்பிப் பணம் அனுப்புவதைப் போன்ற தவறு வேறில்லை. மைத்துனர் நல்லவராயிருக்கலாம், படத்துக்கு ஒலியும் சூடும் அதிர்வும் இல்லை. விடுப்பில் ஊர் செல்லும்போது நேரில் சென்று மேற்கூறிய சோதனைகளைச் செய்து, தேறினால் பழையதை வாங்குக. நேரில் செல்ல இயலாதாயின், கடைசல் தொழில் அறிந்த ஒருவரைக் கூலி கொடுத்து அனுப்பி, அவர் அரைத்த அந்த இரு சட்டங்களையும் அஞ்சலில் வரவழைத்துப் பார்த்து முடிவு செய்க. இரண்டும் கூடாதெனில், அளந்த சோதனைக் குறிப்போடும் உத்தரவாதத்தோடும் கூடிய, கையால் ஓட்டும் சிறிய புதிய இயந்திரமே தக்கது. விலையின் வேறுபாட்டை இழப்பாகக் கருத வேண்டா. பார்க்க முடியாத கண்ணுக்குக் கொடுக்கும் கூலி அது.

ஜப்பானியப் பொறிகளை நாடுவோர் ஒரு செய்தியைக் கருத்திற் கொள்க. அந்நாட்டின் மும்முனை மின்சாரம் 200 வோல்ட், நம்முடையது 415. அன்றியும், ஜப்பானின் கிழக்குப் பகுதியில் மின்னோட்டத்தின் அதிர்வெண் நம்மைப் போல் 50. மேற்குப் பகுதியில் 60. மேற்கில் பணிபுரிந்த இயந்திரம் நம்மிடம் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுழலும். மின்மாற்றி ஒன்றோ, வேறு மோட்டாரோ தேவைப்படும். அதனை விலைபேசும் போதே கணக்கிட வேண்டும்.

வீட்டில் ஒருமுனை மின்சாரமே உள்ளோர் என் செய்வது? ஒருமுனை மோட்டார் இயல்பாகவே துடித்துத் துடித்து இழுப்பது. அத்துடிப்பு அரைத்த முகத்தில் மெல்லிய வரிகளாகப் படியும். ஒருமுனையை மும்முனையாக்கும் மின்னணு டிரைவ் ஒன்றை வைத்து மும்முனை மோட்டாரை ஓட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. மோட்டாரின் உள்ளிணைப்பு 230 வோல்ட்டுக்கு மாற்றத் தக்கதா என்று மின்பணியாளர் பார்க்க வேண்டும். அந்தமானின் மின்சாரம் நிலப்பகுதியின் மின்தொடரோடு இணையாதது. பெரும்பகுதி டீசலால் ஆவது. ஆதலின் மின்னழுத்த ஏற்றத்தாழ்விலிருந்து டிரைவைக் காக்கும் ஏற்பாடும் வேண்டும்.

டிரைவ் உள்ளவர்க்கு ஓர் எச்சரிக்கை. அது வேகத்தைக் கூட்டவும் வல்லது, கூட்டலாகாது. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 29 மீட்டர் வேகத்தில் செல்கிறது. கல்லின் முகப்பில் 33 மீட்டர் என்று எல்லை அச்சிடப்பட்டிருக்குமாயின், டிரைவின் திருகை 50-இலிருந்து 60-க்குத் திருப்பிய மாத்திரத்தில் வேகம் 35 மீட்டரைத் தொட்டு அவ்வெல்லையைக் கடந்துவிடும். சாணைக்கல் உடைவது தட்டு உடைவது போலன்று. துண்டுகள் அதே வேகத்தில் பறக்கும். வீட்டுப் பட்டறையில் பத்தடி தொலைவில் குழந்தைகள் பாடம் படித்துக்கொண்டிருப்பர். ஆகவே பழைய இயந்திரத்தில் காப்பு மூடி கழற்றப்பட்டிருந்தால் அதைக் கேட்டு வாங்காமல் அசைய வேண்டா. சுழலும் கல்லுக்கு நேரான திசை சுவராக இருக்கட்டும். வாசலாக இருக்க வேண்டா.

கல்லைப் பொருத்துமுன் தூய நிலையில் விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டுக. மணி போல் ஒலித்தால் முழுமையானது. மட்கிய ஒலி எழுந்தால் விரிசல் உண்டு, எறிந்துவிடுக. மண்பானை வாங்கும்போது நம் அன்னையர் செய்த அதே சோதனை! பொருத்தியபின் ஒருபுறம் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்ட பின்னரே வேலையைத் தொட வேண்டும். இத்தீவுகள் நிலநடுக்கத்துக்கு உள்ளானவை. 2004 டிசம்பர் 26-ஐ இங்கு எவரும் மறவார். கற்களை உயரமான அலமாரியில் அடுக்காமல் தரையருகே மரப்பெட்டியில் நிறுத்தி வைக்க வேண்டும். சிறு நடுக்கம் வந்துபோன பின்பும் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்துவிடுவது நலம்.

கல்லுக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. இரும்பை அரைக்கும் கடினப் பொருளை மனிதன் ஆக்கிக்கொண்ட கதை 1891-இல் அமெரிக்கரான எட்வர்ட் ஆச்சிசன் சிலிகன் கார்பைடைக் கண்டதில் வேகம் பெற்றது. அதற்குமுன் எமரி முதலிய இயற்கைக் கற்களே கதி. நம் சென்னையிலேயே 1954-இல் கார்பொரண்டம் யூனிவர்சல் தோன்றியது. ஆதலின் நல்ல கல் சென்னையிலிருந்து எளிதில் வரும். எஃகுக்கு வெண்ணிற அலுமினியம் ஆக்சைடுக் கல், 46 அல்லது 60 என்ற மணி எண்ணோடு, மென்மையான பிணைப்பில் கேட்டு வாங்குக. கடினப் பிணைப்புக் கல் நீடித்து உழைக்கும் என்று எண்ணி வாங்குவோர் உளர். அது மழுங்கிய மணிகளை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டு வேலைப்பொருளைக் கருக்கிவிடும்.

இனி எஞ்சியிருப்பது உப்புக்காற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்நிலத்தில், அரைத்துப் பளபளக்கும் முகம் ஓர் இரவிலேயே செம்மை பூக்கும். துரு ஏறிய தடம் தேய்ந்த தடத்தினும் கொடியது. துருத்துகளும் சாணைத்தூளும் எண்ணெயோடு கலந்து தாமே ஓர் அரைக்கும் பசையாகிவிடுகின்றன. குளிர்நீர்க் கலவை பயன்படுத்துவோர் வேலை முடிந்ததும் நீரை முதலில் நிறுத்தி, கல் தனியே சில நிமிடம் சுழன்று ஈரத்தை உதறிய பின்னரே மோட்டாரை நிறுத்துக. இல்லையேல் நீர் கல்லின் அடிப்பாகத்தில் இறங்கித் தங்கி, மறுநாள் ஒருபக்கம் கனத்து அதிரும். பின்பு பலகையையும் மேசையையும் துடைத்து எண்ணெய் பூசுக. உலர்முறையில் அரைப்போர்க்குத் துரு குறையும். ஆனால் தூள் தடத்திலும் நுரையீரலிலும் படியும். உறிஞ்சுங் கருவியும் முகக்கவசமும் இன்றி அம்முறையைக் கைக்கொள்ளலாகாது.

கப்பல் பயணத்துக்கு ஆயத்தம் செய்வதை விற்பவரிடம் முழுதும் விட்டுவிடுதல் கூடாது. மேசையை நடுவில் நிறுத்தித் தாழிட்டு, சுழல்தண்டுத் தலையைக் கீழே இறக்கி, இடையில் மரக்கட்டை கொடுத்துக் கட்டச் சொல்க. அல்லாவிடில் மூன்று நாள் அலையாட்டத்தின் அதிர்ச்சி முழுவதும் பேரிங்கின்மீது விழும். சாணைக்கல்லைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். இழைத்த முகங்கள் அனைத்திலும் கெட்டி கிரீஸ் தடவி, துருத்தடுப்புத் தாள் சுற்றி, சிலிகா ஜெல் பைகளோடு பிளாஸ்டிக் உறையிட்டு, அதன்பின் மரக்கூட்டில் அடைக்க வேண்டும். எடையையும் தூக்க வேண்டிய இடத்தையும் கூட்டின்மேல் தமிழிலும் இந்தியிலும் எழுதுவித்தல் நலம். வீடு வந்து சேர்ந்ததும் அன்றே மின்சாரம் கொடுக்க வேண்டா. ஈரம் குடித்த மோட்டாரின் காப்புறுதியை மெக்கர் கருவியால் மின்பணியாளர் அளந்து சொல்லும் வரை பொறுத்திருந்து, அதற்குள் கான்கிரீட் தளத்தில் நிறுத்தி, நுண்மட்டம் கொண்டு சமன் பார்த்துவிடலாம். முதல் வேலையாக, ஊரில் அரைத்த அந்த இரு சட்டங்களை மீண்டும் ஏற்றி அரைத்துப் பொருத்தி ஒளியில் பார்க்க. பயணத்தில் எதுவும் கலைந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். விற்பவரிடம் கேட்பதற்கும் காலம் கடந்திராது.